ஒரு நாள், ஒரு நகரம், ஒரு கேள்வி
மதுரையில் நடைவழிக் கல்விச் சுற்றுலாவைத் திட்டமிடுதல்

கல்விச் சுற்றுலா என்றதும் நம் பள்ளிகளில் முதலில் தயாராவது இடங்களின் பட்டியல்தான். ஒரே நாளில் ஏழெட்டு இடங்கள். பேருந்தில் ஏறுவதும் இறங்குவதும், வரிசையில் நிற்பதும், தலைகளை எண்ணுவதுமாகப் பொழுது போய்விடும். மறுநாள் வகுப்பில் கேட்டால், எங்கே என்ன சாப்பிட்டோம் என்பதைத்தான் மாணவர்கள் முதலில் சொல்வார்கள். அது அவர்களுடைய குறையன்று. பார்த்த இடங்களை ஒன்றோடொன்று இணைக்கும் இழை அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை.

நடந்தே பார்க்கக்கூடிய பழைய நகரங்கள் இந்த இழையைத் தாமே தருகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம், தரங்கம்பாடி எனப் பல ஊர்கள் இதற்கு ஏற்றவை. இக்கட்டுரை மதுரையை எடுத்துக்கொள்கிறது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேருடன் ஒருநாள் பயணம் என்று வைத்துக்கொண்டு, அதை எப்படித் திட்டமிடலாம் எனப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கேள்வி, பிறகு இடங்கள்

பயணத்துக்கு ஒரு மையக் கேள்வி வேண்டும். அதற்கு விடை தேட உதவும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடலாம். மதுரைக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி: 'இந்த நகரத்தின் வாசல்கள் யாருக்கு, எப்போது திறந்தன?'

எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புரியும் எளிய கேள்வி இது. கோட்டை வாசல், கோயில் வாசல், அரண்மனை வாசல் என மூன்றையும் ஒரே நாளில் தொட்டுவிடலாம். இந்தக் கேள்வியோடு போகிறவர்கள் கீழடியையும் திருப்பரங்குன்றத்தையும் அதே நாளில் சேர்க்க மாட்டார்கள். அவை தனித்தனியே ஒரு நாளுக்கு உரியவை.

வீதிப் பெயரே வரைபடம்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்கள் வரையுங்கள். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்து மாசி வீதிகள், எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நான்கு பக்கங்கள் உண்டு.

இங்கே ஒரு மொழிப் பாடமும் இருக்கிறது. 'கீழ மாசி வீதி' என்றால் தாழ்வான இடத்தில் இருக்கும் வீதி என்று பல குழந்தைகள் நினைப்பார்கள். கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு என்பதை மைதானத்திலேயே சொல்லிவிடுங்கள். மாணவர்களைச் சதுரங்களின் மேல் நிறுத்தி, 'நீ எங்கே நிற்கிறாய்?' என்று கேளுங்கள். 'தெற்கு ஆவணி மூல வீதி' எனச் சட்டென்று சொல்லப் பழகிய குழந்தை மதுரையில் வழி தவறினாலும், பெயர்ப்பலகையைப் படித்துக் கோயில் எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ளும். பாடமும் பாதுகாப்பும் இங்கே ஒன்றாகின்றன.

மாதப் பெயர்கள் அந்தந்த மாதத் திருவிழாக்களால் வந்தவை. ஆனால் இன்று சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். இது ஏன் என்று வகுப்பில் புதிராகக் கேட்கலாம். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழங்கிவரும் விளக்கம். பெயர் அப்படியே நிற்க, விழா இடம் மாறியது என்பதை மாணவர்களே ஊகித்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

நடைவழி

முதல் நிறுத்தம்: கோட்டை. பெரியார் பேருந்து நிலையப் பகுதியில் பழைய கோட்டையின் ஒரு சிறு பகுதி எஞ்சியிருக்கிறது. நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை 1840களில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார், அகழியும் தூர்க்கப்பட்டது. நகரம் வெளியே விரிய வழி பிறந்தது. அந்தப் பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக உள்ளன. ஆட்சியரின் நினைவாக எழுந்தது விளக்குத்தூண். ஒரு மேஸ்திரியின் பெயர் வீதிக்கு வாய்த்ததை மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியிலேயே கூடலழகர் கோயிலும், காஜிமார் தெருவில் பெரிய பள்ளிவாசலும் உள்ளன.

இரண்டாம் நிறுத்தம்: மேல மாசி வீதி. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் இங்குள்ள ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருந்தார். 22ஆம் நாள் இரவு, ஏழை உழவரைப் போல இடையில் ஒரு துண்டு மட்டுமே உடுத்துவது என முடிவு செய்தார். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர் விற்பனை நிலையம் இயங்குகிறது. வீதியில் நின்றபடியே பத்து நிமிடம் பேசலாம்.

மூன்றாம் நிறுத்தம்: சித்திரை வீதிகள். இங்கே வாகனங்கள் வருவதில்லை. கற்கள் பாவிய சமதளம். கோயிலின் வெளிமதில் ஏறத்தாழ 847 அடிக்கு 792 அடி. நான்கு பக்கங்களையும் கூட்டி மீட்டராக மாற்றும் கணக்கை நடந்துகொண்டே போடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1 கி.மீ. வரும். எட்டு வைத்து எண்ணியவர்களின் விடையோடு ஒப்பிடலாம். நான்கு வெளிக் கோபுரங்களில் உயரமானது தெற்குக் கோபுரம், ஏறத்தாழ 170 அடி.

இந்தக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் நுழையத் தடை இருந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு குழுவினர் உள்ளே சென்று வழிபட்டனர். அவர்களுள் ஒருவரான பி. கக்கன் பின்னாளில் தமிழ்நாட்டின் அமைச்சரானார். அதே ஆண்டில் ஆலய நுழைவுக்கு ஆதரவான சட்டமும் வந்தது. அனைவருக்கும் திறக்காத கோயிலுக்குள் செல்வதில்லை என்றிருந்த காந்தியடிகள், 1946இல் இங்கே வந்து வழிபட்டார். நம் மையக் கேள்வியின் நெஞ்சுப் பகுதி இதுதான். ஆண்டுகளை ஒப்பிப்பதற்கு முன், 'அதுவரை வாசலில் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?' என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் அமைதியாக நிற்கலாம்.

நான்காம் நிறுத்தம்: கிழக்குப் பக்கம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம். அதற்கு அப்பால் முற்றுப்பெறாத ராயகோபுரம். 'முடிக்காத வேலையும் வரலாற்றுச் சான்றா?' என்பது நல்ல விவாதப் பொருள். அங்கிருந்து விளக்குத்தூண் வழியாகப் பத்துத்தூணுக்குப் போகலாம். கடைகளுக்கு நடுவே நிற்கும் அந்தத் தூண்கள் ஒரு காலத்தில் அரண்மனையைச் சேர்ந்தவை.

ஐந்தாம் நிறுத்தம்: திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டப்பட்டது. இன்று நாம் காண்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டும்தான். பத்துத்தூணிலிருந்து நடந்து வந்த மாணவர்களுக்கு, அரண்மனை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்பதைக் கால்களே சொல்லியிருக்கும். பிற்காலத்தில் சிதைந்து கிடந்த கட்டடம் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுதுபார்க்கப்பட்டது. அங்குள்ள பணியாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு தூணைச் சுற்றி நூல் பிடித்துச் சுற்றளவை அளக்கலாம். அதிலிருந்து விட்டத்தைக் கணக்கிடுவது வகுப்பறை வேலை. கீழ வெளி வீதியில் உள்ள புனித மரியன்னை பேராலயமும் இங்கிருந்து நடக்கும் தொலைவுதான்.

ஆறாம் நிறுத்தம்: காந்தி நினைவு அருங்காட்சியகம். வைகைக்கு வடகரையில், ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் உள்ளது. 1959இல் பிரதமர் நேரு திறந்துவைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி இங்கே காட்சிக்கு இருக்கிறது. காலையில் மேல மாசி வீதியில் கேட்ட கதை இங்கே நிறைவு பெறுகிறது. இவ்வளவு தூரம் நடக்க வைக்க வேண்டாம், வாகனத்தில் செல்லுங்கள். அருகிலுள்ள ராஜாஜி பூங்காவில் மதிய உணவை முடித்துக்கொண்டு உள்ளே போகலாம்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கோயில் நண்பகல் 12.30 மணியளவில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறது. ஆகவே முற்பகல் கோயிலுக்கும் வீதிகளுக்கும் உரியது. கடைவீதியில் நாற்பது குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு 2 கி.மீ.க்கு மேல் போக முடியாது என்றே கணக்கிடுங்கள்.

காலை 8.00: கோட்டைப் பகுதி
8.45: மேல மாசி வீதி
9.15 – 10.45: சித்திரை வீதிகள், விரும்புவோர் கோயிலுக்குள்
10.45: புது மண்டபம், விளக்குத்தூண், பத்துத்தூண்
11.30 – 12.45: மகால்
1.15: மதிய உணவு
2.15 – 3.45: காந்தி அருங்காட்சியகம்
4.00: புறப்பாடு

மகால், அருங்காட்சியகம் ஆகியவற்றின் திறப்பு நேரத்தையும் மாணவர் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாள்களையும், ஐயப்ப பக்தர்கள் பெருகும் கார்த்திகை, மார்கழி மாதங்களையும், வெள்ளிக்கிழமைகளையும் தவிர்ப்பது நல்லது. முடிந்தால் ஓர் ஆசிரியர் முன்னதாகவே சென்று இந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்து வரட்டும். கழிப்பறைகள் எங்கே, நிழல் எங்கே, எந்தச் சாலையைக் கடப்பது கடினம் என்பவை வரைபடத்தில் தெரியாது.

எந்தக் குழந்தையும் வாசலில் நிற்கக் கூடாது

வாசல்களைப் பற்றிய பயணம் இது. நம் திட்டமே ஒரு குழந்தையை வாசலில் நிறுத்திவிட்டால் சொல்லிக்கொடுத்தது அனைத்தும் வீண். நான்கு இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, பணம். கட்ட இயலாத மாணவர் யார் என்பது தலைமை ஆசிரியருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசி முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வகுப்பில் பெயர் சொல்லிப் பட்டியல் படிக்காதீர்கள்.

இரண்டு, சமயம். கோயிலின் கருவறைப் பகுதிக்கு இந்துக்கள் அல்லாதோர் செல்ல அனுமதி இல்லை. ஆகவே பாடமாக நடத்த வேண்டிய அனைத்தையும் எல்லோரும் நிற்கக்கூடிய சித்திரை வீதிகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செல்வது விருப்பம் சார்ந்ததாக இருக்கட்டும். வெளியே இருக்கும் குழுவுக்கு, காத்திருப்பதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள்: கோபுரச் சுதைச் சிற்பங்களை வரைவது, கடைக்காரர் ஒருவரிடம் அவர் தொழிலைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்பது. உள்ளே போனவர்கள் திரும்பி வந்து, 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று ஆவலோடு கேட்கும்படி அது அமைய வேண்டும்.

மூன்று, மாதவிடாய். அந்த நாள்களில் கோயிலுக்குள் செல்லத் தயங்கும் மாணவிகள் இருப்பார்கள். வெளியே இருப்பவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை என்பதைப் பொது விதியாக்கினால் அவர்கள் எதையும் விளக்க வேண்டியிராது. முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கட்டும். பெண் ஆசிரியர் ஒருவர் உடன் வருவது கட்டாயம்.

நான்கு, நடை. நடக்கச் சிரமப்படும் மாணவர் இருந்தால் அவருடைய வேகமே குழுவின் வேகம். சித்திரை வீதிகளில் சக்கர நாற்காலி செல்லும். மகாலில் படிகள் உள்ளன, எனவே உதவிக்கு ஆள் வேண்டும். இரண்டு நிறுத்தங்களைக் குறைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

பாதுகாப்பு

பத்துப் பேர் கொண்ட நான்கு குழுக்கள், குழுவுக்கு ஓர் ஆசிரியர் அல்லது பெற்றோர். குழுவுக்குள் இருவர் இருவராக இணை. பள்ளிப் பெயரும் பொறுப்பாசிரியரின் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்ததும் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை எண்ணுங்கள்.

கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. எனவே உள்ளே இருப்பவர்களை அழைக்க முடியாது. போன வாசல் வழியாகவே திரும்ப வேண்டும் என்பதையும் திரும்பும் நேரத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். நான்கு வாசல்களும் குழந்தைகளின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். செருப்பை விட்ட இடம் எந்தத் திசைக் கோபுரம் என்பதை உள்ளே போகும் முன் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும். குடிநீர், தொப்பி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பெற்றோரின் ஒப்புதல் கடிதங்கள், மாணவர்களின் உடல்நலக் குறிப்புகள் ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். 108, 1098 ஆகிய எண்கள் மாணவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

திரும்பிய பிறகு

மறுநாளே, நினைவு ஆறுவதற்குள், மைதானச் சதுரங்களை மீண்டும் வரையுங்கள். இம்முறை சுண்ணாம்புத் தூள் மாணவர் கையில். தாங்கள் நின்ற இடத்தில் நின்று, பார்த்த ஒன்றை ஒவ்வொரு குழுவும் சொல்லட்டும். கட்டுரைப் போட்டி வேண்டாம். 'நான் பார்த்த ஒரு வாசல்' என்று பத்து வரி போதும்.

அதன்பின் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவைக்கலாம்: 'நம் ஊரில் யாருக்கும் இன்னும் திறக்காத வாசல் ஏதேனும் உண்டா?' விடை உடனே வர வேண்டியதில்லை. அந்தக் கேள்வி ஒரு வாரம் பலகையில் இருந்தாலே, மதுரைக்குப் போய்வந்த செலவும் உழைப்பும் பயன் தந்துவிட்டன எனலாம்.