கையெழுத்துக்கு முன் ஒரு வரி

சவூதி அரேபியாவின் தொழிலாளர் சீர்திருத்தம் 2021 மார்ச் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு வருடம் வேலை செய்தவர் கபீலின், அதாவது விசா தரும் முதலாளியின், சம்மதமில்லாமல் வேறு இடம் மாறலாம், நாடு திரும்பும் விசாவைத் தானே எடுக்கலாம் என்றார்கள். கபீலின் பிடியில் தொழிலாளியை வைக்கும் கபாலா முறை ஒழிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. ஆனால் அந்தச் சீர்திருத்தம் சில தொழில்களைத் தொடவே இல்லை: வீட்டுப் பணி, வீட்டுச் சாரதி, தோட்டக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர், பண்ணைத் தொழிலாளி.

வீட்டுப் பணிப்பெண்களின் துயரம் நமக்குப் புதிதல்ல. பணிப்பெண்ணாகச் சவூதி சென்ற மூதூர் ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பிறகு பாராளுமன்றம்வரை அது பேசப்பட்டது. பண்ணைக்குப் போகும் ஆண்களைப் பற்றி அந்த அளவு பேச்சு இல்லை. ஆம்பிளைப் பிள்ளை, சமாளித்துக்கொள்வான் என்ற நினைப்புத்தான் காரணம் என்பேன்.

போகிறவர்கள் யாரென்று பார்த்தால் விளங்கும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் அறுவடைக் கூலியை வெட்டும் மெசின் எடுத்துக்கொண்டது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். அடுத்த வருடமே நாடு வங்குரோத்தானது. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். வயல் வேலை தெரிந்தவனுக்குப் பண்ணை விசா பொருத்தமாகத் தோன்றுவது இயல்பு. மண்ணும் தண்ணீரும் தெரிந்த வேலைதானே!

வேலை தெரிந்ததாக இருக்கலாம், சட்டம் வேறு. கம்பனி விசாவில் போகிறவருக்கும் தனியாள் ஒருவரின் ‘மஸ்ரஆ’ (பண்ணை) விசாவில் போகிறவருக்கும் சம்பளத்தில் சிறு வித்தியாசமே இருக்கலாம். ஆனால் முன்னவருக்குத் தொழிற்சட்டம் உண்டு. பின்னவர் அதற்கு வெளியே நிற்கிறார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சவூதி விதி. நகரத்துக் கட்டுமானத் தளத்துக்குப் பரிசோதகர் வருவார். பாலைவனத்தின் நடுவில் இருக்கும் ஆட்டுப்பட்டிக்கு எவர் வரப்போகிறார்?

பட்டியை விட்டு ஓடினால் கபீல் ‘ஹுரூப்’ போடுவார். அதாவது, தலைமறைவு என்று முறைப்பாடு. அன்றிலிருந்து சம்பளம் கேட்கப் போனவர் தேடப்படுகிறவராகிவிடுகிறார். ‘பிறீ விசா’ என்று சொல்லி விற்கப்படுவதும் பல நேரம் இந்த வகைதான். தாளில் பண்ணைத் தொழிலாளி, நேரில் கபீலுக்கு மாதாமாதம் காசு கட்டிவிட்டுக் கிடைக்கிற வேலை. பிடிபட்டால் காசு வாங்கிய கபீல் வீட்டில் இருப்பார். இவர் தடுப்பு முகாமில் இருப்பார்.

இந்த நிலையில் ‘சங்கம் சேர்ந்து கேட்கலாமே’ என்று சொல்வது எளிது. சவூதியிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தொழிற்சங்கமே கிடையாது, வேலைநிறுத்தமும் தடை. கட்டாரில் சங்க உரிமை கட்டார் பிரஜைக்கு மட்டும். குவைத்தில் ஐந்து வருடம் கழித்து வெளிநாட்டவர் உறுப்பினராகலாம், வாக்களிக்க முடியாது. பஹ்ரைனும் ஓமானும் மட்டுமே இப்படிக் காத்திருக்க வைக்காமல் சேர விடுகின்றன. 2009இல் இலங்கைத் தொழிற்சங்கங்கள் சில பஹ்ரைன், குவைத், ஜோர்தான் நாட்டுச் சங்கங்களோடு உடன்படிக்கை செய்தன. நல்ல காரியம். ஆனால் பட்டியில் இருப்பவருக்குச் சங்க அலுவலகம் இருநூறு கிலோமீற்றர் தொலைவில் இருந்தால் உறுப்பினர் அட்டையை வைத்து என்ன செய்வது?

வளைகுடாவை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் முடியாது. விவசாயத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே சங்க உரிமை என்று சர்வதேச தொழில் அமைப்பு 1921இலேயே சமவாயம் எழுதியது. அமெரிக்கா 1935இல் இயற்றிய தொழிலுறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளியை விலக்கியது. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பரீட்சை எழுதிப் போகும் தென் கொரியாவில் தொழில் நியமச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகள் விவசாயத்துக்குப் பொருந்தாது என்கிறது. 2020 டிசம்பர் கடுங்குளிரில் போச்சொன் நகரப் பண்ணையொன்றில், பொலித்தீன் கூடாரத்துக்குள் அமைத்த தங்குமிடத்தில் கம்போடியப் பெண் ஒருவர் இறந்துகிடந்தார். ஆனாலும் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. 2005இல் தொடங்கிய குடிபெயர் தொழிலாளர் சங்கம் பத்து வருடம் வழக்காடி, 2015 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் அங்கீகாரம் பெற்றது. விசா இல்லாதவரும் தொழிலாளியே என்பது அந்தத் தீர்ப்பு.

இந்தக் கதை இலங்கைக்குப் பழசு. மலையகத்துக்கு வந்தவர்களும் ‘தற்காலிகமாக’ வந்த வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள்தான். கடனை அடைத்தால் விடுவிக்கலாம் என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. கபீலின் கையில் இருக்கும் பாஸ்போட் செய்வதும் அதே வேலையைத்தான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தபோது, தோட்டத்துக்குள் கால்வைப்பதே அத்துமீறல் குற்றமாக இருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயா வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்த வருடமே முதலாளிமாரும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தார்கள். எட்டு வருடத்தில் குடியுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. சங்கம் இருந்தும் வாக்கு இல்லாமல் போனவர்கள் அவர்கள். இன்று வளைகுடாவில் இருக்கும் நம்மவருக்கு அங்கே சங்கமும் இல்லை, அங்கிருந்தபடி இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க வழியும் இல்லை. 2024இல் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 650 கோடி டொலருக்கும் மேல். அதை அனுப்பியவர்களைப் பற்றி அரசியல்வாதிகள் கவலைப்படாமல் இருக்கக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே பாதுகாப்பு என்று ஏதாவது இருந்தால், அது விமானம் ஏறுமுன் இங்கேதான் கிடைக்கும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரே ஆள் அனுப்பலாம். வீட்டு வாசலுக்கு வரும் சப் ஏஜென்டுக்கு அந்த அனுமதி இல்லை. விசிட் விசாவில் போய் வேலை விசாவுக்கு மாற்றலாம் என்பவர், பணியகப் பதிவையும் அதோடு வரும் காப்புறுதியையும் உங்களிடமிருந்து பறிக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகங்கள் அங்கே இறந்தவரின் ஜனாஸாவைக் கொண்டுவரக் காசு சேர்க்கின்றன. யார், எந்த விசாவில், எந்த ஊருக்குப் போனார் என்று ஒரு பதிவுப் புத்தகம் வைப்பதற்கு அதைவிடக் குறைவாகவே செலவாகும்.

விசாவில் தொழில் என்ற இடத்தில் அரபியில் ஒரு வரி இருக்கும். ‘ஆமில் மஸ்ரஆ’ என்றால் பண்ணைத் தொழிலாளி, ‘ராஈ’ என்றால் மேய்ப்பவர். ஏஜென்சி சூப்பர் மார்க்கட் என்று சொன்னாலும் சட்டம் பார்ப்பது அந்த வரியைத்தான். சிறுவயதிலேயே அரபு எழுத்தை வாசிக்கப் பழகிய ஊர் நம்முடையது. வாசிக்கவில்லை என்பதற்குச் சாட்டு இல்லை. வாசியுங்கள். விசாவையும் ஒப்பந்தத்தையும் பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், அல்லது பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள். காசு கொடுப்பது அதற்குப் பிறகு.