வீட்டுப் பழுதும் தொழில் வல்லாரும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகள் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறுவன. எனவே ஆண்டுதோறும் மழைக்கு முன் வீட்டைப் பழுதுபார்ப்பது இங்கே இன்றியமையாதது. பிழைப்புத் தேடிக் குடியேறிய குடும்பங்களில் பெற்றோரே ஏணியும் தூரிகையும் எடுத்துக்கொள்வர். அது பாராட்டத்தக்கது; கூலியும் மிச்சம். ஆயினும் எல்லா வேலையும் அவ்வாறு செய்யத்தக்கதன்று.

எது நம் வேலை, எது வல்லுநர் வேலை என்று எவ்வாறு அறிவது? வேலை கடினமா, எளிதா என்று பார்ப்பது வழக்கம். அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: தவறு நேர்ந்தால் அது எங்கே தங்கும் என்று கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு திட்டுத்திட்டாய்ப் படிந்தால் கண்ணுக்குத் தெரியும். மறுநாள் மீண்டும் பூசலாம். குழாயின் வாஷரைத் தவறாகப் பொருத்தினால் நீர் சொட்டும், அவ்வளவே. ஆனால் சில தவறுகள் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் மறைந்து நின்று, பல நாள் கழித்து ஊறு விளைவிக்கும்.

ஓட்டுக் கூரையைப் பாருங்கள். உடைந்த ஓடு ஒன்றை உறுதியான ஏணியில் நின்று பெரியவர்கள் உள்ளிருந்தே மாற்றிவிடலாம். ஓடுகளின் வரிசை நடுவில் தாழ்ந்திருந்தால் பழுது ஓட்டில் இல்லை. அதைத் தாங்கும் மரத்தைக் கறையான் அரித்திருக்கக்கூடும். அப்போது தச்சரை அழைக்க வேண்டும். தமிழரும் மலையாளிகளும் அவரை ஆசாரி என்றே அழைப்பது நமக்கு வசதி! கல்நார்த் தகட்டுக் கூரையாயின் எவரும் அதன்மேல் கால் வைத்தலாகாது. பழைய தகடு திடீரென உடைந்து ஆளை உள்ளே வீழ்த்தும்.

சுவரும் அத்தகையதே. பழைய வெட்டுக்கல் வீடுகளில் சுவரே கூரையின் சுமையைத் தாங்குகிறது. புதிய சன்னல் வைக்க அதை இடிக்குமுன், மேற்சுமையை இருபுறமும் கடத்த லிண்டல் அமைக்கும் முறையறிந்த கொத்தனார் வேண்டும்.

மின்சாரத்தில் மட்டும் இந்த எல்லையைச் சட்டமே வகுத்துள்ளது. மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு மாற்றிக்கொள்ளலாம். புதிய கம்பி இழுத்தல் முதலிய பிற வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, அனுமதிச் சீட்டுடைய வயர்மேனே செய்ய வேண்டும். மத்திய விதியாதலால் களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் இதுவே நடைமுறை. காரணமும் எளிது. பிழையாக இணைத்த கம்பியிலும் விளக்கு நன்றாகவே எரியும். மழையில் சுவர் நனையும்போதுதான் கசியும் மின்சாரம் அதைத் தொடுபவரைத் தாக்கும்.

வயர்மேன் வரும்போது அவருடைய அனுமதிச் சீட்டைப் பெற்றோர் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மெயின் சுவிட்ச் எங்குள்ளது, மின்கசிவுத் தடுப்பான் பொருத்தப்பட்டுள்ளதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். அத்தடுப்பானில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். பெரியவர் ஒருவர் அதை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லையெனில், மழை தொடங்குமுன் வயர்மேனை மீண்டும் அழைக்க வேண்டும்.