ஒரே பேரேடும் உண்மைக் கணக்கும்

ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேருமுன் பல கைகளைக் கடந்து வருகிறது. மூலப்பொருள் தருவோர், ஆலையினர், கிடங்குக் காப்பாளர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் என நீளும் இத்தொடரையே வணிகவியலார் வழங்கல் சங்கிலி என்பர். இச்சங்கிலி தளராது காப்பதில் நிறுவன மென்பொருள்கள் எவ்வாறு துணை செய்கின்றன, எங்கே துணை செய்யத் தவறுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் நோயை அறிவோம். இத்தொடரில் உள்ள ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவர் கேட்கும் அளவையே அறிவர். கடைசியில் வாங்குவோரின் உண்மைத் தேவையை அறியார். கடையில் விற்பனை சிறிது கூடினால், சில்லறை வணிகர் பற்றாக்குறைக்கு அஞ்சிச் சற்று மிகுதியாகக் கேட்கிறார். மொத்த வணிகர் அதனினும் மிகுதியாகக் கேட்கிறார். ஆலைக்குச் செய்தி எட்டும்போது சிறு அசைவு பேரலையாகிவிடுகிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கிக் காட்டினார். பிற்காலத்தில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தார் தம் பாம்பர்ஸ் அணையாடை வணிகத்தில் இதனையே கண்டனர். குழந்தைகளின் தேவை ஏறத்தாழ ஒரே சீராக இருந்தும், நிறுவனத்திற்கு வந்த கேட்புகளோ பெரிதும் ஏறி இறங்கின. கைப்பிடியில் சிறிதே அசைந்தாலும் நுனியில் வேகமாய்ச் சுழலும் சாட்டையை ஒத்திருத்தலின் இதனைச் சாட்டை விளைவு என்று அழைக்கின்றனர்.

இந்நோய்க்கு மருந்தாக வந்தவற்றுள் ஒன்று ஒரே பேரேடு என்னும் கருத்து. முன்னர்க் கொள்முதல் பிரிவுக்கு ஓர் ஏடு, கிடங்குக்கு ஓர் ஏடு, கணக்குப் பிரிவுக்கு ஓர் ஏடு என இருந்தன. மூன்றும் ஒத்துப்போவது அரிது. 1972இல் ஜெர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய பொறியாளர் ஐவர் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆர்/3 என்னும் மென்பொருள் பல நாடுகளிலும் பரவியது. இவ்வகை மென்பொருளில் விற்பனையாளர் ஒரு கேட்பைப் பதிந்தவுடன், கிடங்கின் இருப்பு சரிபார்க்கப்படுகிறது. குறைவிருப்பின் உற்பத்தித் திட்டம் திருத்தப்படுகிறது. அதற்கான மூலப்பொருள் கணக்கிடப்பெற்றுக் கொள்முதல் பிரிவுக்குச் செல்கிறது. பொருள் வெளியேறியதும் கணக்கேட்டில் பதிவு விழுகிறது. அனைவரும் ஒரே எண்ணைக் காண்பதால் ஊகமும் அச்சமும் குறைகின்றன.

அவ்வாறாயின் மென்பொருளை வாங்கி நிறுவிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ஷி நிறுவனமே சான்று. புகழ்பெற்ற அச்சாக்லெட் நிறுவனம் ஏறத்தாழ 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் மூன்று மென்பொருள்களை ஒருங்கே நிறுவியது. நான்கு ஆண்டுப் பணியை இரண்டரை ஆண்டில் முடிக்க முனைந்தனர். ஆயினும் பணி தாமதமாகி 1999 ஜூலையில்தான் முடிந்தது. அதுவோ, அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் விழாவிற்காகக் கடைக்காரர்கள் இனிப்புகளைக் கேட்கத் தொடங்கும் காலம். கிடங்கில் சரக்கு இருந்தும் உரிய நேரத்தில் கடைகளுக்கு அனுப்ப இயலவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள கேட்புகள் நிறைவேறாமற் போயின. அக்காலாண்டின் இலாபம் 19 விழுக்காடு சரிந்தது.

காரணங்கள் பல. ஊழியர் பழகுமுன்னே மூன்றையும் ஒரே நேரத்தில் இயக்கியது ஒன்று. மற்றொன்று நம் சிந்தனைக்கு உரியது. நெருக்கடிக் காலங்களில் கிடைத்த இடத்திலெல்லாம் சரக்கை அடுக்கிவைப்பது அங்கே வழக்கம் என்றும், அவ்விடங்கள் யாவும் புதிய மென்பொருளில் பதியப்பெறவில்லை என்றும் பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். பழைய ஊழியரின் நினைவில் இருந்த சரக்கு கணிப்பொறியின் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதது கண்முன் இருந்தும் கணிப்பொறிக்கு இல்லாததே!

ஹெர்ஷி நிறுவனத்தார் மென்பொருளைத் தூக்கி எறிந்துவிடவில்லை. படிப்படியாகச் சோதித்து, 2002இல் அதன் புதிய பதிப்புக்கு இடரின்றி மாறினர். பிழை கருவியில் மட்டும் இல்லை, அதனைக் கையாண்ட முறையிலும் இருந்தது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

எனவே, மென்பொருளை நாடும் நிறுவனத்தார் முதலில் மூன்றைச் செய்தல் நலம். கிடங்கின் இருப்பை நேரில் எண்ணிப் பதிவுடன் ஒப்பிட வேண்டும். ஊழியர்க்குப் போதிய பயிற்சி தர வேண்டும். வணிகம் மந்தமான காலத்தில் மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

நிறுவையும் அளவையும் நேராக இருத்தல் பழைய வணிக அறம். பதிவும் நேராக இருத்தல் அவ்வறத்தின் இன்றைய வடிவம். நாளை கணிப்பொறியின் முன் அமரவிருக்கும் நம் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. ஆயிரம் கல் தொலைவில் உள்ள ஒருவர் அவர்கள் பதியும் ஓர் எண்ணை நம்பியே ஆலையை இயக்குகிறார். அந்நம்பிக்கை பிழையாகாமல் காப்பது மனிதரின் கடமை. அதனை நொடியில் எங்கும் கொண்டு சேர்ப்பதே மென்பொருளின் பணி.