பட்டம் இருந்தும் படைவரிசையில்!

மேடையிலே முழங்குவார்கள், களத்திலே காணோம் என்று தலைவர்களைக் கேலி பேசுவோர் எந்நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு நாம் ஒரு டாக்டரைக் காட்ட விரும்புகிறோம். பெயர் ஜோசப் வாரன். ஊர், அமெரிக்காவின் பாஸ்டன்.

உழவர் வீட்டுப் பிள்ளை, ஹார்வர்டில் படித்து மருத்துவரானார். 1764இல் பெரியம்மை பரவியபோது அம்மை குத்தி உயிர் காத்தவர்களில் அவரும் ஒருவர். முறிந்த விரலோடு வந்த சிறுவனின் விரலை வெட்டாமலே குணப்படுத்தினார். அச்சிறுவன்தான் பின்னாளில் ஆறாவது ஜனாதிபதியான ஜான் குவின்சி ஆடம்ஸ். நாடி பிடித்தே நலமாக வாழ்ந்திருக்கலாம். வரிமேல் வரி விதித்த பிரிட்டிஷ் ஆட்சி விடவில்லை!

1770 மார்ச் 5இல் பாஸ்டன் வீதியிலே பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். ஆண்டுதோறும் நினைவுக் கூட்டம். 1775இல் பேச்சாளர் வாரன். சீருடை அணிந்த அதிகாரிகள் மேடைப் படிக்கட்டிலேயே வந்து குந்திக்கொண்டனர். அஞ்சினாரா? பேசினார், பேச வேண்டியதைப் பேசியே முடித்தார்!

ஒரு கறையையும் சொல்லிவிடுகிறோம். அதே 1770இல் கறுப்பினச் சிறுவன் ஒருவனை அவர் விலைகொடுத்து வாங்கினார். விடுதலை கேட்டவர் வீட்டிலே அடிமை! மறைக்க நமக்கு மனமில்லை, மன்னிக்கவும் மனமில்லை.

1775 ஜூன் 17. பங்கர் குன்றுப் போர். வாரன் அப்போது மாகாணப் பேரவையின் தலைவர். மூன்று நாள் முன்புதான் மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மண்கோட்டையைக் காத்து நின்ற கர்னல் பிரெஸ்காட், தலைமையை ஏற்கும்படி வேண்டினார். வாரன் மறுத்தார். தொண்டனாக வந்ததாகச் சொல்லி, துப்பாக்கியோடு உழவரும் தொழிலாளரும் நின்ற வரிசையிலே நின்றார். இருமுறை எதிரி பின்வாங்கினான். மூன்றாம் முறை, இவர்களிடம் வெடிமருந்து தீர்ந்தது. பின்வாங்கும் வேளையிலே வாரனின் தலையில் குண்டு பாய்ந்தது. 34 வயது நிறைந்து ஆறே நாள்!

எதிரிகள் குழியிலே போட்டு மூடினர். 1776 மார்ச்சில் பிரிட்டிஷ் படை பாஸ்டனைவிட்டு ஓடிய பிறகே தோண்டி எடுத்தனர். முகம் தெரியவில்லை. வெள்ளித் தட்டான் பால் ரிவியர் வந்து பார்த்தார்; தாம் கம்பி முறுக்கிக் கட்டிய பொய்ப்பல்லைக் கொண்டு தோழரை அடையாளம் காட்டினார்.

மனைவி 1773லேயே மறைந்திருந்தார். நான்கு குழந்தைகள் அநாதைகள். 1778இல் அவர்களுக்கு 500 டாலர் அனுப்பியவர் யார் தெரியுமா? பின்னர் துரோகியெனத் தூற்றப்பட்ட பெனடிக்ட் ஆர்னால்டு! காங்கிரஸ் சபை கண் திறந்தது 1780இல்தான்: கடைசிக் குழந்தை வயதுக்கு வரும்வரை, மேஜர் ஜெனரலுக்குரிய பாதிச் சம்பளம்.