மூடிய குழாயும் புல்லாங்குழலும்

குழாய்களின் ஒத்ததிர்வைக் கற்பிக்கும்பொழுது, திறந்த குழாய்க்குப் புல்லாங்குழலை எடுத்துக்காட்டாகக் கூறிவிட்டு நாம் கடந்து போகிறோம். “அதன் ஒரு முனை அடைபட்டிருக்கிறதே?” என்று ஒரு மாணவர் வினவினால் என் செய்வது? வினா நியாயமானதே. மூங்கிலின் கணுவோ தக்கையோ அம்முனையை அடைத்திருப்பது கண்கூடு.

முதலில் நேரான குழாயை எண்ணுவோம். அடைபட்ட முனையில் காற்று முன்பின் நகர இயலாது. அங்கே அலைக்குக் கணு அமைகிறது. திறந்த முனையில் காற்று தடையின்றி ஊசலாடும், அங்கே எதிர்க்கணு. ஆகவே, இருமுனையும் திறந்த குழாயினுள் அரை அலைநீளமும், ஒருமுனை மூடிய குழாயினுள் கால் அலைநீளமும் அடங்குகின்றன. நம் நாட்டு வெப்பநிலையான 30 பாகை செல்சியசில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. எனவே 34 செ.மீ. நீளமுள்ள பி.வி.சி. குழாய் திறந்த நிலையில் ஏறத்தாழ 513 ஹெர்ட்சிலும், ஒரு முனையை உள்ளங்கையால் மூடினால் அதில் பாதியிலும் ஒலிக்க வேண்டும். எதிர்க்கணு திறந்த வாய்க்குச் சற்று வெளியே, ஆரத்தில் ஏறத்தாழ 0.6 பங்கு தள்ளி அமைவதால், கேட்கும் ஒலி இக்கணக்கினும் சிறிது தாழ்ந்திருக்கும். மாணவர்களின் அளவீடு பிசகிவிட்டதென்று நாம் கடிந்துகொள்ளும் வேறுபாடு பல வேளைகளில் இதுதான்.

இனிப் புல்லாங்குழல். ஊதும் துளை வெளிக்காற்றோடு கலந்திருக்கிறது. ஒலிக்கும் காற்றுத் தம்பம் அத்துளையில் தொடங்கி, விரல் விலகிய முதல் துளையை ஒட்டி முடிகிறது. அதற்கப்பால் உள்ள அடைப்பு தம்பத்தின் முனையே அன்று. இதற்குச் செவியே சான்று. இதழைக் குவித்து விரைந்து ஊதினால் அதிர்வெண் இருமடங்காகி, அதே சுரம் மேல் தாயியில் பிறக்கிறது. மூடிய குழாயாயின் 1, 3, 5 என ஒற்றைப்படை மடங்குகளே தோன்றும். அடுத்த ஒலி மும்மடங்காகத் தாவியிருக்கும். நாணல் தகடு பொருந்திய கிளாரினெட்டில் அத்தாவலைக் கேட்கலாம்.

அப்படியானால், சீவாளியால் ஊதப்படும் நாகசுரமும் மும்மடங்கு தாவ வேண்டுமே? தாவுவதில்லை. அதன் உட்புழை கூம்பாக விரிந்து செல்கிறது. கூம்பினுள் அலை விரிந்தவாறே பரவுவதால், ஊதும் முனை மூடியிருந்தும் இரட்டைப்படை மடங்குகளும் கிடைக்கின்றன. ஆதலின் கால் அலைநீளச் சூத்திரத்தை நாகசுரத்திற்குப் பொருத்தும் பயிற்சி வினாக்களை நாம் கைவிடுவதே முறை. ‘மூடிய குழாய்’ என்று சுருக்காமல், ‘ஒருமுனை மூடிய நேர்க்குழாய்’ என்றே கரும்பலகையில் எழுதலாம்.