வீங்கிய காலைப் பிடித்துவிடலாமா?

எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் சிகிச்சைக்குச் செல்பவர், வயிறு புடைக்க உண்டவுடன் குப்புறப் படுக்கலாகாது என்பதும், ஜுரமோ தோலில் புண்ணோ இருப்பின் வேறொரு தினத்துக்கு ஒத்திப்போட வேண்டும் என்பதும் பலரும் அறிந்ததே. ஆயினும், நெடுந்தூரப் பிரயாணத்துக்குப் பின் ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடேறி, தொட்டால் நோகுமாயின், அதை வெறும் அசதியென்று எண்ணிப் பிடித்துவிடச் சொல்வதுதான் பெரும் அபாயம். ஏன்? ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கக்கூடும். அழுத்தத்தால் அக்கட்டி பெயர்ந்துவிட்டால், இரத்த ஓட்டத்தோடு மேலேறி, இருதயத்தின் வலப்புறத்தைக் கடந்து, நுரையீரலுக்குச் செல்லும் தமனியை அடைத்துக்கொள்ளும். இவ்வழியை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் ருடால்ஃப் விர்ஹோ விளக்கிவிட்டார். ஆகவே முதலில் பார்க்கவேண்டியவர் டாக்டரே. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும் (கூச்சப்பட்டு இதை மறைப்பானேன்?) முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும், இல்லையேல் அழுத்திய இடமெல்லாம் கன்றிப்போகக்கூடும்.