சுவரில் மாட்டும் ஓவியம்

முடிதிருத்தும் நிலையங்களில் பல்லாண்டுகளாகத் தொங்கும் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிவப்பும் மஞ்சளும் வெளிறி, படம் முழுவதும் நீலம் பாய்ந்து நிற்கும். ஓவிய அச்சுப்படி ஒன்றைச் சட்டம் போட்டு வாங்க எண்ணும் நீங்கள் முதலில் இந்த நீலத்தின் காரணத்தை அறிவது நல்லது.

ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் கடைக்குச் செல்லுங்கள். ஆப்செட் அச்சானால், நீலம், செந்நிறம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் ஒழுங்கான வரிசைகளில், சிறு சிறு பூக்களைப் போல் தெரியும். கறுப்பு மை கரித்தூளால் ஆனது. நீல மையிலுள்ள தாலோசயனின் என்ற செம்புச் சேர்மமும் ஒளியை நன்கு தாங்கும். மற்ற இரண்டின் மூலக்கூறுகளோ ஒளியாற்றலால் எளிதில் சிதைகின்றன. ஆகவே எஞ்சுவது நீலமும் கறுப்புமே.

'பழைய ரவிவர்மா படம்' என்று பெருந்தொகை கேட்பவரிடமும் இதே கண்ணாடி உங்களுக்குக் கைகொடுக்கும். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். அங்கு நடந்தது கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டா என்ற தத்துவமே அதன் அடிப்படை; ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். கலைஞர்கள் கையால் வைத்த அப்புள்ளிகள் ஒழுங்கற்றவை. பூப்போன்ற வரிசை தெரிந்தால், சட்டம் எவ்வளவு பழையதானாலும் உள்ளே இருப்பது பிற்கால அச்சே!

படம் முழுமையானதா என்றும் பாருங்கள். மோனா லிசா ஓவியம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், விகிதம் ஏறத்தாழ 1.45. 24 அங்குல உயரமும் 18 அங்குல அகலமும் உள்ள சட்டத்தை அது முழுவதும் நிரப்பினால் விகிதம் 1.33 தான். எங்கோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள்.

சட்டக் கண்ணாடி வெயிலைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சாதாரணக் கண்ணாடி 320 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்தாலும், 320 முதல் 400 வரையுள்ளவற்றில் பெரும்பகுதியை உள்ளே விடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தைக் கெடுக்கும். எனவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.

கண்ணாடி படத்தைத் தொட்டால் ஈரம் தங்கி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். மலிவான மரக்கூழ் அட்டையிலுள்ள லிக்னின் நாளடைவில் பழுத்து, அமிலத்தால் படத்தில் பழுப்புக்கோடு விழும். பருத்தி இழை அட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும்.